மலைக்குப் போன குரல்

என் மனைவிக்கு இரண்டு தம்பிகள். பர்மாவில் நடக்கும் போரில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். இரண்டு பேருடைய போனும் டெக்சாஸில், பிளானோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் சொல்லக்கூடாது என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில்லை. அந்த ஒரு தடவை தவிர.

நான் திண்டுக்கல்காரன். அவள் பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். ஊர் மோல்மீன். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கோயிலில் தமிழ், கடையில் பர்மீஸ், வீட்டில் இரண்டும். நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தபோது அவள் அங்கே நர்ஸாக இருந்தாள். ஒரு நாள் ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ்தான். ஆனால் நான் எங்கும் கேட்டிராத தமிழ். பாதி புதுக்கோட்டைப் பக்கம் போல இருந்தது, மீதி எந்த ஊர் என்று பிடிபடவில்லை.

"நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள்.

கல்யாணம் மோல்மீனில் நடந்தது. அப்போது மூத்த தம்பிக்கு மீசை அரும்பியிருந்தது. இளையவன் பள்ளிக்கூடத்துப் பையன். மூத்தவன் ஊரில் செல்போன் ரிப்பேர் கடை போட நினைத்துக்கொண்டிருந்தான். என் போனைக் கேட்டு வாங்கி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல தண்ணி போயிருக்கு, தெரியுமா?" என்றான். இளையவனுக்குத் தமிழ் சரியாக வராது. என்னிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் அண்ணன் காதில் பர்மீஸில் சொல்வான், அண்ணன் அதைத் தமிழில் கேட்பான். அவர்களுடைய அப்பா முன்பே காலமாகிவிட்டார். அண்ணன்தான் தம்பிக்கு எல்லாம்.

பிறகு எனக்கு அமெரிக்க வேலை கிடைத்து பிளானோவுக்கு வந்தோம். ஊரின் லெகசி என்ற அலுவலகப் பகுதியில் ஆபீஸ். மகள் இங்கேதான் பிறந்தாள். மனைவி பரீட்சைகள் எழுதி ஒரு கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தாள். அங்கே ஊரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மகள் கிண்டர்கார்டனில் இருந்தாள்.

இளையவன் அப்போது ரங்கூனில் கல்லூரியில் இருந்தான். சாயங்காலமானால் தெரு முழுக்கச் சட்டி பானைகளைத் தட்டி எதிர்ப்புக் காட்டும் வீடியோக்களை அனுப்புவான். அந்தச் சத்தம் எங்கள் சமையலறையில் கேட்கும். பிறகு அவனுடன் படித்த ஒருவனைக் கைது செய்தார்கள். பிறகு இன்னொருவன். பிறகு இவன் நம்பர் அணைந்துபோனது. சில வாரங்கள் கழித்து வேறொரு நம்பரிலிருந்து பேசினான். அவன் அக்காவிடம் பேசுவது பெரும்பாலும் பர்மீஸ்தான், அவள் எனக்குச் சொன்ன தமிழில்தான் இங்கே சொல்கிறேன்.

"அக்கா, நான் காட்டுல இருக்கேன். நல்லாருக்கேன். அம்மாகிட்ட நீயே சொல்லு."

மூத்தவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த நாள் மூவரும் ஒரே அழைப்பில் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இவங்களும் நம்மள கலான்னுதான் சொல்லுவானுங்க, அவங்களும் கலான்னுதான் சொல்லுவானுங்க" என்றான் மூத்தவன். கலா என்பது இந்திய வம்சாவளிக்காரர்களை அங்கே கேவலமாகச் சொல்லும் வார்த்தை. "யாரு சண்டைக்கு நீ சாகப் போற?" இளையவன் பர்மீஸில் நீளமாக ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு மனைவியிடம் கேட்டேன். "இந்தத் தடவ காட்டுல யாரும் என்ன அப்படிக் கூப்புடல, பேரு சொல்லித்தான் கூப்புடுறாங்கங்கிறான்" என்றாள். மூத்தவன் கடைசியில் சொன்னது எனக்கே புரிந்தது. "இனிமே உன் கொரல நான் கேக்க மாட்டேன்." சொன்னபடியே செய்தான். சோதனைச்சாவடிகளில் ராணுவத்தினர் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்பதால் குடும்ப வாட்ஸ்அப் குழுவை அழித்தான். தம்பியின் போட்டோக்களையும் அழித்தான்.

நாடு எப்படிப் பிரிந்துகிடந்தது என்பதை நான் இவர்களுடைய பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பெரிய நகரங்களும் நெடுஞ்சாலையும் ராணுவத்திடம் இருந்தன. மலையும் காடும் மற்றவர்களிடம். அந்த மற்றவர்கள் ஒரே அணி கிடையாது. பல காலமாகத் தங்கள் மலைக்காகச் சண்டை போட்டுவரும் இனக்குழுப் படைகள், அவர்களிடம் பயிற்சி எடுத்துக்கொண்ட இளையவனைப் போன்ற நகரத்துப் பிள்ளைகள், யார் பக்கம் என்றே தெரியாத சில கூட்டங்கள். மாமியார் ஒருமுறை உறவினர் சாவுக்கு பஸ்ஸில் போய்விட்டு வந்து சொன்னார். "மாப்பிள்ளை, போகும்போது நாலு எடத்துல நிறுத்துனாங்க. நாலு எடத்துலயும் வேற வேற கொடி. எந்தக் கொடியப் பாத்தாலும் டிரைவர் கும்புடு போட்டான். நானும் போட்டேன்."

ராணுவம் கட்டாயச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது பிறகுதான். வயது வந்த பையன்களின் பெயர்களை வார்டு வார்டாகக் குலுக்கி எடுத்தார்கள். மூத்தவனின் பெயர் வந்த அன்று மகளைப் பள்ளியில் விட கார் வரிசையில் நின்றிருந்தோம். போன் காரின் ஸ்பீக்கரில் அடித்தது.

"அக்கா, சீட்டு குலுக்குனாங்க. எனக்கு விழுந்துருச்சு."

"எல்லைக்குப் போயிரு. தாய்லாந்துக்குப் போயிரு. ஆளு வச்சு நான் ஏற்பாடு பண்றேன்."

"நான் ஓடினா அம்மாவக் கொண்டு போயிருவாங்க. பக்கத்துத் தெருவுல அப்படித்தான் பண்ணுனாங்க."

பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. வரிசை முன்னால் நகர்ந்திருந்தது. மகள் இறங்கி, "பை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி கை அசைக்கவில்லை.

அதன்பின் பயிற்சி முகாமில் அவனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார்கள். பல மாதம் சத்தமில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ஓடையும் வேலியும் உண்டு. அவள் வேலைவிட்டு வந்ததும் யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் அங்கே போய் நிற்பாள். ஒருமுறை நானும் போய் நின்றேன். "இங்க எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றாள். அவள் அதை நல்ல விஷயமாகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல அவள் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை, நான் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து மூத்தவன் பேசினான். முகாமில் ஒரு சார்ஜென்ட்டின் போன் உடைந்து இவன் சரிசெய்து கொடுத்திருக்கிறான். அதற்குப் பதிலாக ஐந்து நிமிஷம் பேச விட்டிருக்கிறார். பக்கத்திலேயே அவர் நிற்கும் சத்தம் கேட்டது. பர்மீஸில் ஏதோ அதட்டினார். மூத்தவன் அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினான்.

"பர்மீஸ்ல பேசச் சொல்றாரு. எங்க அக்காவுக்கு பர்மீஸ் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"எங்கடா இருக்க?"

"சொல்லக்கூடாது. ஆனா நீ வந்திருக்க. சின்னதுல அப்பா கூட்டிட்டுப் போனாரு. மலைமேல வெள்ளப் பகோடா, அந்தப் புத்தர் கோயில். படி ஏறி ஏறி நீ அழுத. பின்னால ஓடையில உன் செருப்பு போச்சு. அங்கதான் குழி வெட்டி உக்காந்திருக்கோம். சுத்தி ரப்பர் மரம். காலைல பனி விழுந்தா ஒண்ணும் தெரியாது. எல்லாரும் என்ன மாதிரிதான், புடிச்சிட்டு வந்தவங்க. ஒருத்தனுக்கும் சரியாச் சுடத் தெரியாது."

அவள் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் அம்மாவைக் கேட்டான். இளையவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் நின்றுவிட்டது. அந்த நம்பருக்கு அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எடுப்பது யாரோ.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இளையவன் பேசினான். காட்டில் அவர்களுக்கு சாட்டிலைட் இன்டர்நெட் இருந்தது. அவன் குரல் தெளிவாக, பக்கத்து அறையில் இருப்பவனைப் போலக் கேட்கும். உற்சாகமாக இருந்தான்.

"அக்கா, நாங்க எடம் மாறுறோம். எங்கன்னு சொன்னா நீ சிரிப்ப. உன் செருப்பு போச்சுல்ல, அந்த மல. அங்க ராணுவம் ஒரு கேம்ப் போட்டிருக்கு. அத எடுத்துட்டா கீழ ரோடு எங்களுக்கு."

அவள் சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே சிரித்தாள், அவன் எதிர்பார்த்தான் என்பதற்காக. போனை வைத்தபின் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய அளவு அதற்கு முன் பேசியதில்லை. காரில், கடையில், மகளின் நீச்சல் வகுப்பு முடியக் காத்திருக்கும்போது, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். மூத்தவனுக்குத் தகவல் சொல்ல வழி கிடையாது. அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. இளையவனிடம் மட்டும்தான் சொல்ல முடியும். சொன்னால் அவன் தளபதியிடம் போவான். முகாமில் இருப்பவர்களுக்குச் சுடத் தெரியாது என்பதும் போகும். அது தெரிந்தால் இன்னும் துணிச்சலாக ஏறுவார்கள். அல்லது அவன் சண்டைக்கு வரமாட்டேன் என்பான், அங்கே அதற்கு என்ன தண்டனையோ. அல்லது அண்ணனைத் தேடி முதல் ஆளாக மேலே ஓடுவான்.

"சொல்லாம விட்டா?" என்றேன்.

"சொல்லாம விட்டா இவன் சுட்டு அவன் செத்தாலும் இவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். காலம் பூரா இவன் என்னோட பேசுவான், நான் சிரிப்பேன்."

அந்த மலையை நான் பார்த்ததில்லை. நான் போரைப் பார்த்ததில்லை. ஆபீஸில் யாராவது ஒரு பிரச்சினையைச் சொன்னால் மூன்று வழிகளை எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. அந்தப் பழக்கம் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

அவள் தானே முடிவெடுத்தாள். இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் பாலும் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்திலேயே நின்று இளையவனைக் கூப்பிட்டாள். "அண்ணன் அங்க இருக்கான்" என்றாள். அவ்வளவுதான். லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். போகவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை அவனே பேசினான். சண்டையை நிறுத்த அவனால் முடியாது. ஆனால் ஏறுவதற்கு முன்னால் லவுட்ஸ்பீக்கரில் சரணடையச் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். பிடித்துக்கொண்டு வந்த பையன்கள் சில சமயம் வருவார்கள். பல சமயம் வர மாட்டார்கள். பொறியில் மாட்டிவிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மேலதிகாரிகள் சொல்லிவைத்திருப்பார்கள்.

"நீ பேசி அனுப்பு அக்கா. தமிழ்ல பேசு. அந்த மலையில ரெண்டு பக்கத்துலயும் சேத்து எங்க ரெண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும். ஆபீசருக்குப் புரியாது. அண்ணனுக்குப் புரியும்."

"நீயே பேசேன்டா."

"என் கொரல அவன் நம்ப மாட்டான்."

எங்கள் வீட்டில் சத்தம் வராத இடம் துணிகள் தொங்கும் குளோசெட்தான். ஏசி சத்தம்கூட அங்கே வராது. சனிக்கிழமை மதியம் நானும் அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அவளுடைய சேலைகளும் என் சட்டைகளும் தோளில் உரசின. என்ன பேசுவது என்று நான் முந்தைய நாள் யோசித்து வைத்திருந்தேன். "சரணடைந்துவிடுன்னு சொல்லு" என்றேன்.

"அவனுக்கு அந்த வார்த்த தெரியாது" என்றாள். "எங்க வீட்டுல யாரும் அதச் சொன்னதே இல்ல."

துப்பாக்கியும் அப்படித்தான். ராணுவம், குண்டு, முகாம் எல்லாமே அவர்களுக்கு பர்மீஸில்தான் தெரியும். வீட்டுத் தமிழில் சாப்பாடு இருந்தது, சண்டை சச்சரவு இருந்தது, கோயில் இருந்தது. போர் இல்லை. கல்யாணமான புதிதில் மூத்தவன் என்னிடம் தமிழ் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்ன வார்த்தைகளில் துப்பாக்கி ஒன்று. அது அவனுக்குத் தெரியும் என்று முடிவு செய்தோம். நான்கு தடவை ஆரம்பித்து நிறுத்தினாள். கடைசியில் ஒரே மூச்சில் பேசினாள்.

"தம்பி, அக்கா பேசுறேன். பயப்படாத. துப்பாக்கிய கீழ வச்சிட்டு எந்திரி. கைய மேல தூக்கிக்க. படிப் பக்கம் போகாத. என் செருப்பு போன ஓடைப் பக்கமா எறங்கி வா. கீழ சின்னவன் நிக்கிறான். அவன் மேல கோவப்படாத. அம்மா சோறு வச்சிருக்கு. வா."

ஓடைப் பக்கம் என்பது இளையவன் சொன்னது. படிக்கட்டுப் பக்கம்தான் அவர்கள் முதலில் சுடுவார்களாம்.

கதவைத் திறந்தால் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஹூ வேர் யூ டாக்கிங் டு?" என்றாள்.

"மாமாகிட்ட" என்றாள் அவள்.

"விச் மாமா?"

மனைவி அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

அங்கே விடியற்காலை என்றால் இங்கே முந்தைய நாள் சாயங்காலம். எந்த நாள் என்று இளையவன் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சாயங்காலமாக இருக்கலாம். அவள் நீச்சல் குளத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பாள். யாராவது பேசினால் சரியாகத்தான் பதில் சொல்வாள். இடையில் சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். தன் குரல் எங்கோ ஒலிக்கும்போது தானும் பேசினால் அது கலைந்துவிடும் என்பதைப் போல. டோல்வே நெடுஞ்சாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது ரேடியோ போட விடமாட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் குளியலறையில் மகள் பல் தேய்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். தமிழ் கேட்டால் புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும் பிள்ளை. கிட்டே போனேன். கண்ணாடியைப் பார்த்து, நுரை வழிய, தன் அமெரிக்க உச்சரிப்பில் பாட்டைப் போல இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "துப்பாக்கிய கீழே வச்சிட்டு எந்திரி... துப்பாக்கிய கீழே வச்சிட்டு எந்திரி..." "போதும், வாய் கொப்பளி" என்றேன். அவள் அம்மா படுக்கையறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

முகாம் விழுந்த செய்தி இணையத்தில்தான் முதலில் வந்தது. புகைக்கு நடுவே வெள்ளைப் பகோடாவின் உச்சி தெரியும் ஒரு படம். அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக உடையும்வரை பார்த்தாள்.

இளையவன் இரண்டு நாள் கழித்துப் பேசினான். அவனுக்குக் காலில் காயம், பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன் செத்தவர்களில் இல்லை. சரணடைந்தவர்களிலும் இல்லை. அண்ணனோடு ஒரே குழியில் இருந்த பையன் ஒருவன் பிடிபட்டிருந்தான். அவன் சொன்னதை இளையவன் எங்களுக்குச் சொன்னான்.

பனி இறங்கியிருந்தது. சுடுவது கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது மலைக்குக் கீழிருந்து ஒரு பெண் பேசினாள். யாருக்கும் புரியாத பாஷை. சில பையன்கள் அது மந்திரம் என்று பயந்தார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். சத்தம் வரும் பக்கம் சுடச்சொல்லி சார்ஜென்ட் கத்தினார். இந்தப் பையன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான். எல்லோருக்கும் போன் சரிசெய்து கொடுத்த அந்த அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். மறுபடி போட்டார்கள், மறுபடியும் கேட்டார். பிறகு "எங்க அக்கா" என்று பர்மீஸில் சொன்னார். துப்பாக்கியை மண்மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். கைகளைத் தூக்கியபடி ஓடைப் பக்கம் நடந்தார். பத்தடிக்குமேல் பனியில் தெரியவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் மறுபடி சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நான் ஓடையிலதான் நின்னேன் அக்கா" என்றான் இளையவன். "வெடி வெடிச்சப்பவும் நின்னேன். அவன் வரல."

மனைவி கேட்ட முதல் கேள்வி, நான் கேட்கத் துணியாமல் வைத்திருந்தது. "ஓடைப் பக்கம் கண்ணிவெடி வச்சிருந்தாங்களா?"

"எல்லாப் பக்கமும் வச்சிருந்தாங்க அக்கா" என்றான் அவன்.

அவர்கள் ஓடையின் இரண்டு கரையையும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு எங்களுக்கு அழவும் தெரியவில்லை, அழாமல் இருக்கவும் தெரியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து என் அம்மா போன் செய்து, "ஏதாவது காரியம் பண்ணணுமாப்பா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, "இல்ல அத்த, அவன் நடந்து போயிருக்கான்" என்றாள்.

மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ராணுவமே சொல்லிவிட்டது. வார்டு அலுவலகத்து ஆட்கள் இரண்டு சிப்பாய்களோடு வீட்டுக்கு வந்து, உன் மகன் தப்பி ஓடிவிட்டான், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தார்களாம். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்களாம். போனில் இதைச் சொல்லும்போது மாமியாரின் குரலில் அப்படி ஒரு தெம்பு. "அவங்களே தேடுறாங்கடி. அப்ப உசுரோடதான் இருக்கான்." அடுத்த தடவை வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, உறவினர்கள் அவரை ரங்கூனுக்கு அழைத்துப் போனார்கள். போவதற்கு முன் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார், மகன் வந்தால் எங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று.

என் மனைவிக்கு அந்தத் தெம்பு வரவில்லை. கிளினிக்கில் நோயாளிகளை உள்ளே கூப்பிடுவது அவள் வேலைகளில் ஒன்று. காத்திருப்பவர்கள் கூடத்தின் வாசலில் நின்று பெயர் சொல்ல வேண்டும், அவர்கள் எழுந்து வருவார்கள். அதை மட்டும் தன்னால் செய்ய முடியவில்லை என்று மேலாளரிடம் சொல்லி உள்வேலைக்கு மாறிக்கொண்டாள். காரணம் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாளாம். என்னிடம் ஒரு நாள் சொன்னாள். "நான் கூப்புட்டதும் ஒருத்தங்க எந்திரிச்சு நிக்கிறாங்கல்ல, அதப் பாக்க முடியல."

ஆறேழு மாதம் போயிருக்கும். இளையவன் பேசினான். கால் ஆறிவிட்டது, மறுபடி குழுவோடு சேர்ந்திருந்தான். தயங்கித் தயங்கிப் பேசினான். அந்தப் பதிவு இன்னும் அவன் போனில் இருந்தது. போகிற இடமெல்லாம், ஒவ்வொரு முகாமுக்கு முன்னாலும், பர்மீஸ் அறிவிப்பு முடிந்ததும் அதையும் ஒருமுறை போடச் சொல்லித் தளபதியிடம் கேட்டிருக்கிறான். அண்ணனை மறுபடி பிடித்துக்கொண்டு போய் வேறு முகாமில் வைத்திருக்கலாம். அல்லது இடையில் ஏதாவது கிராமத்தில் ஒளிந்திருக்கலாம். தளபதியும் சரி என்றிருக்கிறார். மூன்று மலைகளில் போட்டாயிற்றாம்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் குரலே அவளுக்குத் தெரியாமல் அங்கே மலை மலையாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இங்கே பள்ளி விழாவுக்குப் போனபோது, வரி ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அது ரப்பர் மரங்களுக்கு நடுவே யாரையோ எழுந்து வரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அதப் போடாத" என்றாள்.

"சரிக்கா."

"அதுல ஓடைப் பக்கம் வான்னு சொல்லியிருக்கேன். வேற மலையில ஓடை எங்க இருக்கோ, அதுல என்ன இருக்கோ. எங்க வரணும்னு சொல்லாம வேற பேசித் தரேன்."

அடுத்த நாள் மதியம் அவளுக்கு விடுமுறை. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. குளோசெட்டுக்குள்ளும் போகவில்லை. பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி புல்வெளியின் நடுவில் நின்றாள். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

பிறகு எனக்கு அதைப் போட்டுக் காட்டினாள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. இந்தத் தடவை துப்பாக்கி இல்லை, வழி இல்லை. சின்னதில் அவனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னாள். அம்மா இப்போது ரங்கூனில் இருக்கிறார் என்று சொன்னாள். எந்தத் தெரு என்று சொன்னாள். எங்கள் வீட்டு போன் நம்பரை மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். "எங்க இருந்தாலும் அங்கயே இரு. முடியுறப்ப கூப்புடு. நான் எடுப்பேன்" என்று முடித்தாள். அதற்குப்பின் கொஞ்ச நேரம் புல் வெட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

"இத வெட்டிடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாள். "அப்படியே அனுப்புங்க."

அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. மணி மூன்றாகப் போகிறது, பள்ளி விட்டுவிடும் என்று சாவியை எடுத்துக்கொண்டு அவள் காருக்குப் போனாள்.